பெரியவுககிட்டச் சொல்லு

ஒரு கை உடைந்த பச்சை பிளாஸ்டிக் நாற்காலி அது. உடைந்த இடத்தில் யாரோ சணலைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அசந்து முழங்கையை ஊன்றினால் சிராய்த்துவிடும். மதுரை நீதிமன்ற வளாகத்தில், சட்ட உதவி மையத்தின் வராந்தாவில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் அதைப் போட்டு, "இதுதாம்மா ஒன் எடம்" என்று காட்டினார்கள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நாற்காலி கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருந்தது. இப்போது என் அலுவலகத்துக்கு மாணவர்கள் வந்து, "சம்பளம் வேணாம் மேடம், ஏழைகளுக்கு உதவுற மாதிரி ஏதாவது வேலை இருந்தாச் சொல்லுங்க" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும்போதெல்லாம் அந்த நாற்காலிதான் என் கண்முன் வந்து நிற்கிறது.

சும்மா வேலை செய்கிறேன் என்று சொன்னால் ஊரே வாசலில் வந்து நின்று வரவேற்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதலில் போன வக்கீல் அலுவலகத்தில், "யாரு சொல்லி வந்தே?" என்று கேட்டார்கள். நானாகத்தான் வந்தேன் என்றதும் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால், "காசு வாங்காம வேலை பாக்குறேங்கிற. நாளைக்கு நீ வரலைன்னா ஒன்னைய நான் என்னன்னு கேக்க முடியும்?" என்று கேட்டு வழியனுப்பி வைத்தார். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

அப்புறம் ஒரு சேவை அமைப்பில் சேர்ந்தேன். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு எதிரே பந்தல் போட்டு, பேனர் கட்டி, சட்ட ஆலோசனை முகாம் நடத்தினார்கள். எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அங்கே வரிசை ரோடு வரைக்கும் நின்றது. எங்கள் மேசைக்குக் காலையிலிருந்து வந்தது ஒரே ஒரு தாத்தா. அவரும் கண் பரிசோதனை எங்கே என்று கேட்கத்தான் வந்தார். அவரைப் பக்கத்தில் நிற்க வைத்து ஆளாளுக்கு போட்டோ எடுத்துக்கொண்டு பந்தலைப் பிரித்தோம். ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா சிரித்தே விட்டார். "ஊர்ல எல்லாரும் வேலைக்குச் சிபாரிசு தேடி அலைவாங்க. சும்மா பாக்குற வேலைக்கும் சிபாரிசு தேடுற ஆளு நீ ஒருத்திதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

கடைசியில் கல்லூரித் தோழி ஒருத்தியின் அத்தைதான் வழிகாட்டினார். அவர் சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தவர். நாங்கள் வக்கீல் அக்கா என்று கூப்பிடுவோம். அவர் பேசித்தான் என்னைத் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டார்கள். என் வேலை என்ன தெரியுமா? குடும்ப நீதிமன்றம் எந்த மாடி, ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சொல்வது. அரசியலமைப்புச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த பெருமையில் போனவள், கழிப்பறைச் சாவிக்குக் காவலாக உட்கார்ந்தேன். இதை அப்பாவிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

அந்த வராந்தாவுக்குத்தான் திருவாதவூர் அக்கா வந்தார். கறுப்பு கோட்டு போட்டவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒதுங்கி, கோட்டு போடாமல் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "நீ வக்கீலா பாப்பா?" என்று கேட்டார். இல்லைக்கா, படிக்கிறேன் என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லி என் காலடியில் தரையில் உட்காரப் போனார். பிடித்து நிறுத்தி, நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன். நாற்பது வயது இருக்கும். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. பக்கத்தில் போனதும் மல்லிகை மொட்டு வாசனை வந்தது. தலையில் பூ இல்லை, கையிலிருந்து வந்த வாசனை.

திருவாதவூர்ப் பக்கத்துக் கிராமம். முந்தின மழைக்காலத்தில் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார்கள். கிணறு கணவருக்கும் கணவரின் அண்ணனுக்கும் பொது. ஒருநாள் அண்ணன் முறை, ஒருநாள் தம்பி முறை என்று காலம் காலமாகத் தண்ணீர் பாய்ச்சி வந்திருக்கிறார்கள். தம்பி இறந்து சில நாட்களில் மோட்டார் அறைக்கு அண்ணன் பூட்டு போட்டுவிட்டார். "தம்பி போனதோட முறையும் போச்சுன்னு பூட்டிட்டாக பாப்பா" என்றார் அக்கா. அன்றிலிருந்து கயிறு போட்டு இறைத்து, குடத்தில் சுமந்து செடிக்கு ஊற்றுகிறார். உள்ளங்கையைக் காட்டினார். கயிறு அறுத்த தழும்பு காய்த்துப் போய்க் கிடந்தது. அப்படி ஊற்றியும் பாதிச் செடி இலை உதிர்த்துவிட்டது.

"எங்கண்ணன் மேலூர்ல இருக்காரு. அங்க வந்துருன்னு கூப்புடுறாரு. நல்லவருதான். ஆனா அங்க எனக்கு என்ன எடம்? அடுப்படிக்கு வெளிய ஒரு பாய். இந்த மல்லி நிக்கிற வரைக்கும் நான் என் வீட்டுல இருப்பேன் பாப்பா. அது காஞ்சா நான் போயிற வேண்டியதுதான்." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. முதல் தடவையாக ஒருவருடைய வாழ்க்கை என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று பதறிப் போனேன்.

நீங்கள் கணவரின் அண்ணனிடம் நேரில் கேட்டீர்களா என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தார். "நான் எப்படிக் கேக்க?" என்றார். அவர்கள் வீட்டு வழக்கம் அது. தம்பி மனைவி, கணவரின் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். எதுவானாலும் கணவர் நடுவில் நின்று சொல்வார். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து ஒரு சுவர் தள்ளி இருக்கும் அந்த மனிதரோடு அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கும் மனைவி உயிரோடு இல்லை, மகன்கள் திருப்பூரில் இருந்தார்கள். நடுவில் நின்று சொல்ல இருந்த ஒரே ஆளும் போய்விட்டார். வேறு யாரையாவது சொல்லி அனுப்பக் கூடாதா என்றேன். "அனுப்புனேன். காரியத்தன்னிக்கு ஒரு சொந்தக்கார அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். அது அங்க போயி என்னவா ஆச்சோ" என்றார்.

வக்கீல் அக்கா மனுவை எழுதினார். வழக்கு போடுவதற்கு முன்னால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு அது போனது. குறிப்பிட்ட நாளில் கணவரின் அண்ணனான அந்தப் பெரியவரும் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் துண்டு. நோட்டீஸ் வந்த அவமானத்தில் முகம் கறுத்திருந்தது. அந்த அறையில் நீதிபதிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். பெரியவர் ஒன்றில் உட்கார்ந்து மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். அக்கா இன்னொன்றில் உட்காராமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நீதிபதி அம்மா என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. "இப்படியே நின்னீங்கன்னா நான் அடுத்த கேஸைக் கூப்பிட வேண்டியதுதான்" என்றார். வெளியே கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. அடுத்த கேஸைக் கூப்பிட்டால் இவர்கள் கதை முடிந்தது, மல்லிகையும் முடிந்தது. நான் வக்கீல் அக்காவின் காதில் வழக்கத்தைச் சொன்னேன். அவர் நீதிபதியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, "ஒன் நாற்காலிய எடுத்துட்டு வந்து நடுவுல உக்காரு" என்றார்.

அப்படித்தான் அந்தப் பச்சை நாற்காலி உள்ளே போனது. நான் நடுவில் உட்கார்ந்ததும் அக்காவும் உட்கார்ந்தார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டு, "பெரியவுககிட்டச் சொல்லு பாப்பா, என் முறைய எனக்கு விடச் சொல்லு" என்றார். நான் விடுவேனா? மூன்று வருடப் படிப்பையும் காட்டிவிட வேண்டாமா? "ஐயா, கூட்டுக் கிணற்றில் தன் கணவரின் வாரிசு என்ற முறையில் தனக்குள்ள அனுபவ பாத்தியதையை..." என்று ஆரம்பித்தேன். பெரியவர் மின்விசிறியை விட்டு என் பக்கம் திரும்பினார். "தாயி, இது அவ சொன்னதில்ல. எனக்கும் காது இருக்கு. அவ சொன்னத மட்டும் சொல்லு. ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் கழிக்காத. சேத்துச் சேத்துத்தான் எல்லாம் இந்த நெலைமைக்கு வந்திருக்கு" என்றார். காது இருக்கிறதே, அப்புறம் நான் எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நல்லவேளை தோன்றவில்லை.

"மோட்டார் ரூம ஏன் பூட்டுனாகன்னு கேளு" என்றார் அக்கா. அப்படியே கேட்டேன். "ஊருக்குள்ள வயரு களவு போகுது. அதுக்குப் பூட்டுனேன். சாவி என் வீட்டு வாசல்ல ஆணியிலதான் தொங்குது. அவ வீட்டுப் படியில நின்னா கண்ணுக்குத் தெரியும். எடுக்க வேணாம்னு நான் சொன்னேனா?" என்றார் பெரியவர். நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அக்கா சுவரைப் பார்த்தபடியே, "எடுத்துக்கன்னும் சொல்லலையே பாப்பா. சொல்லாம எடுத்தா அது களவுல்ல?" என்றார்.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கூடக் கையை எடுத்துவிட்டார். இத்தனை மாதமாகச் சாவி கண்ணெதிரே தொங்கியிருக்கிறது. எடுத்துக்கொள் என்று சொல்ல அவருக்கு ஆளில்லை, எடுக்கட்டுமா என்று கேட்க இவருக்கு ஆளில்லை. நடுவில் மல்லிகை காய்ந்துகொண்டிருந்தது. வக்கீல் அக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"கொடத்துல மோந்து ஊத்துறதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தாகன்னு கேளு" என்றார் அக்கா. குரல் முதல் தடவையாக உடைந்தது. எனக்குக் கேட்கவே கூசியது. கேட்டேன். பெரியவர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "பாத்தேன். இம்புட்டு வீம்பான்னு நெனச்சேன். என் மொகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிவிட்டவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அக்கா சட்டென்று திரும்பினார். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நான் அப்படிச் சொல்லல பாப்பா. இந்தக் கோலத்துல பெரியவுக முன்னாடி வந்து நிக்கக் கூச்சமா இருக்குன்னுதான் சொல்லிவிட்டேன்." அந்தச் சொந்தக்கார அம்மாவின் வாயில் அது என்னவாக மாறிப் போயிருக்கிறது பாருங்கள். நான் அக்கா சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவகிட்டச் சொல்லு தாயி, என் தம்பி போனதுல இருந்து எனக்கும் யாரும் எதையும் வந்து சொல்றதில்லன்னு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன். நீதிபதி அம்மா கண்ணாடியைத் துடைத்தார்.

சாவிக்கு மறுசாவி, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை என்று எழுதிக் கையெழுத்தானது. அக்கா மேலூருக்குப் போகவில்லை. அடுத்த சித்திரையில் ஒரு பாலிதீன் பை நிறைய மொட்டு கொண்டுவந்து வராந்தாவில் எல்லோருக்கும் பங்கு வைத்தார். இத்தோடு நான் என் கதையை முடித்துக்கொண்டால், மாணவி ஒருத்தி முதல் வழக்கில் ஜெயித்த கதையாகப் போய்விடும். ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை, ஆரம்பித்தது.

கையெழுத்துப் போட்ட அன்று பெரியவர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்து வகுப்பில் இருக்கும்போது அழைப்பு. "தாயி, நாளைக்குக் கரண்டு இருக்காதாம். இன்னைக்கு என் முறைய அவ எடுத்துக்கிறட்டும், சொல்லிரு" என்றார். நான் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேரும் இருந்தது ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். செய்தி அங்கிருந்து மதுரைக்கு வந்து திரும்பத் திருவாதவூருக்குப் போனது. அப்புறம் அக்கா கூப்பிட்டார்: "பெரியவுககிட்டச் சொல்லு பாப்பா, கருவாட்டுக் கொழம்பு சுவத்து மேல வச்சிருக்கேன். பூனை உருட்டுறதுக்குள்ள எடுத்துக்கிறச் சொல்லு." இப்படி மாதத்துக்கு ஒன்றிரண்டு அழைப்பு வந்துவிடும். பரீட்சைக்கு முந்தின நாள் வரும், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது வரும். படிப்பை முடித்து வக்கீலாகப் பதிவு செய்து கோட்டு போட்ட பிறகும் வந்தது. "என்னம்மா, பெரிய கேஸா?" என்று அப்பா கேட்பார். ஆமாப்பா, பெரியவரோட கத்திரிக்காய்க்கு மருந்தடிக்கிற கேஸ் என்பேன். என் சீனியர் ஒருமுறை, பீஸ் இல்லாத கட்சிக்காரர்களுக்கு நம்பரைக் கொடுக்காதே என்று கண்டித்தார். சரி சார் என்று தலையாட்டினேன். அன்று மத்தியானமே அக்காவின் அழைப்பை எடுத்துப் பேசினேன்.

ஒருநாள் வேலைப் பளுவில் எரிச்சலாகி, "ஐயா, சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்காங்க, நீங்களே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று பெரியவரிடம் கேட்டேவிட்டேன். "சொல்லலாம் தாயி. எனக்கும் தோணும். ஆனா எப்படி ஆரம்பிக்க?" என்றார். அவர் கேட்டது நிஜமான கேள்வி. இத்தனை காலம் பேசாத ஒருவரிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டதே இல்லை.

போன தை மாதம் ஒரு காலையில் அக்கா கூப்பிட்டார். எப்போதும் எடுத்ததுமே "பெரியவுககிட்டச் சொல்லு" என்றுதான் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. "பெரியவுக போயிட்டாக பாப்பா" என்றார். அன்றைக்கு இருந்த வாய்தாக்களை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒத்தக்கடை தாண்டி வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். திருப்பூரிலிருந்து மகன்கள் வந்துவிட்டார்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, அவரை நேரே கூப்பிட்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவரிடம் யார் வேண்டுமானாலும் முகம் பார்த்துப் பேசலாம். அக்கா மட்டும் வாயைத் திறக்காமல், பெட்டிக்குச் சற்றுத் தள்ளி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு வாடகை நாற்காலி காலியாகக் கிடந்தது. இடம் இல்லாமல் எத்தனையோ பேர் வெளியே நின்றார்கள். அந்த நாற்காலியில் யாரையும் அவர் உட்கார விடவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நான் போய் அதில் உட்கார்ந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் சுவர்ப் பக்கம்தான். "பெரியவுககிட்டச் சொல்லு பாப்பா" என்றார். "நேத்து அவுக முறை. சாயங்காலம் ஆகியும் மோட்டார் ஓடலையேன்னு நானே போயிப் போட்டுவிட்டேன். அவுக கத்திரிக்குத் தண்ணி பாஞ்சிருச்சுன்னு சொல்லு."

சுற்றிலும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை. பெட்டியின் கண்ணாடிக்கு மேல் குனிந்து, "ஐயா, நேத்து உங்க முறை. மோட்டார் ஓடலையேன்னு அக்காவே போட்டுவிட்டாங்களாம். உங்க கத்திரிக்குத் தண்ணி பாஞ்சிருச்சாம்" என்றேன். ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் கழிக்கவில்லை. சொல்லிவிட்டு, இத்தனை வருடப் பழக்கத்தில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தேன்.

"என்ன சொன்னாக பாப்பா?" என்றார் அக்கா.

வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியவர் சொல்லாத ஒன்றை நான் சொன்னேன்.

"சந்தோஷம்னு சொன்னாருக்கா."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்தபடியே சத்தமில்லாமல் அழத் தொடங்கினார்.